உறுப்பறுத்தலும் உறுப்புக் காத்தலும்

மக்கள் யாக்கை பெறுதற்கரியது; அதனுள்ளும் உறுப்புக்கள் நிரம்பப் பெற்ற யாக்கை மிகவும் அரியது. கண் காண்டற்கும், செவி கேட்டற்கும், கால் ஆலயம் வலம்வருதற்கும், கை மலர் தூவித் தொழுதற்கும் அமைந்த கருவிகளாம். இங்ஙனம் அரிதிற் பெற்ற கருவிகளுள் ஒன்றை மனிதன் தன் கையாலேயே அறுத்தெறிதல் தொன்றுதொட்டு உலகெங்கும் நிகழ்ந்து வந்துள்ளது. அரசன் தண்டமாக அறுத்தான். அன்பன் பத்தி மேலீட்டால் அறுத்தான். மருத்துவன் உயிர் காத்தற்பொருட்டு அறுத்தான். செயல் ஒன்றாயினும் கருத்து மூன்றாகலின், அம்மூன்றனையும் முறையே ஆராய்ந்து, அவற்றின் வரலாறு எத்திசை நோக்கிச் செல்கின்றது என்பதனை ஈண்டுக் காண்பாம்.

முதற்கண் தண்டம். கி.மு. 18-ஆம் நூற்றாண்டிற் பாபிலோனை ஆண்ட அம்முராபி என்னும் அரசன் கல்லிற் பொறித்த சட்டங்கள் 1901-ஆம் ஆண்டு சூசா என்னும் பழம்பதியிற் கண்டெடுக்கப்பட்டன. தந்தையை அடித்த மகனுடைய கை வெட்டப்படுக என்பது அவற்றுள் ஒரு விதி. உயர்குடியினன் ஒருவனுக்குக் கத்தி வைத்து மருத்துவஞ் செய்தவழி அவன் இறப்பினும், அவன் கண் கெடினும், மருத்துவனுடைய கைகள் வெட்டப்படுக என்பது பிறிதொரு விதி. நோய் தீர்க்கப் புகுந்த கையே தண்டத்திற்கு ஆளாயது எத்துணைக் கொடுமை! அக்காலத்து மருத்துவன் நோயாளியின் குருதியோடு தன் கையின் விதியையும் நோக்கியே கத்தியை எடுத்திருத்தல் வேண்டும்.

நம் நாட்டுப் பொருணூலாகிய கௌடிலீயத்தில் உறுப்பறுக்குந் தண்டங்களைக் கூறும் பகுதிக்கு இட்ட பெயரே சிந்திக்கத்தக்கது. ஓருறுப்பை அறுத்தற்கு ஈடாகக் கொடுக்கும் மீட்புப் பொருள் என்பது அதன் கருத்து. முதன்முறை களவு செய்தான் விரலிழத்தல் அல்லது 54 பணம் இறுத்தல். மூன்றாம் முறையாயின் வலக்கை இழத்தல் அல்லது 400 பணம் இறுத்தல் என அந்நூல் வகுத்துச் செல்லும். உறுப்பைப் பொன்னால் மீட்கலாம் என அரசநீதியே வாயில் திறந்து வைத்தமையால், அறுத்தல் அறத்திற்கு முற்றும் உடன்பாடாகாமை பண்டே உணரப்பட்டதென்பது பெறப்படும். ஆயினும் பொருளுடையான் கையைக் காத்துக்கொள்ள, பொருளில்லான் அதனை இழந்தான் என்னும் குறையும் அவ்விதியினுள்ளே கிடத்தலை மறைத்தற்கில்லை.

தண்டத்தைப் பிறர்மேற் செலுத்தாது தன்மேற் செலுத்திக்கொண்ட வேந்தன் தமிழ்நாட்டில் இருந்தான். சிலப்பதிகாரத்தாலும் பழமொழி நானூற்றாலும் அறியப்படும் பொற்கைப் பாண்டியன் அவன். இரவிற் காவல் சுற்றி வருங்கால், கணவன் அயலூர் சென்றிருந்த மனையினுள் ஆடவன் குரல் கேட்டு ஐயுற்றுக் கதவினைத் தட்டினான். உள்ளிருந்தவன் மீண்டு வந்த கணவனே என்று உணர்ந்து நாணினான். தட்டியவன் இன்னான் என்பதை அறிந்தவர் பிறரிலர். அறியாதாரை வினவித் தண்டஞ் செய்யும் இடத்தில் அமர்ந்திருந்தவன் அவனே. பொய்த்து ஒளிதல் எளிதாயிருந்தும், தட்டிய கையைத் தானே குறைத்துப் பின் பொன்னாற் கை செய்து பூண்டான் என்பது வரலாறு. அறுப்புண்டது ஒரு கை, நிலைபெற்றது செங்கோல்.

இனிப் பத்தியின்கண் நிகழ்ந்தன. திருத்தொண்டர் புராணத்துள் இத்தகைய செயல்கள் பல. கலிக்கம்ப நாயனார், முன்னாள் தம்மிடத்து ஏவல் செய்து பின் சிவவேடந் தாங்கி வந்த அடியார்க்குக் கரகநீர் வார்க்கத் தயங்கிய மனைவியாரின் கையைத் துணித்தார். திருவாரூரிற் பூமண்டபத்தருகே வீழ்ந்து கிடந்த மலரை மோந்த பட்டத்தரசியின் மூக்கைச் செருத்துணையார் அரிந்தார். அரசராகிய கழற்சிங்கரோ, மலரை முதலில் எடுத்தது கையன்றோ என்று அக்கையையே துணித்தார். சண்டேசுர நாயனார் திருமஞ்சனப் பாற்குடத்தை இடறிய தந்தையின் தாள்களைத் துணித்தார்.

இவற்றைப் படிக்குங்கால் உள்ளம் நடுங்காதார் இலர். நடுங்குதல் குறையுமன்று. இச்செயல்களை உலகியல் நீதியாகக் கொண்டு, மனைவியின் பிழைக்குக் கை துணித்தல் கணவற்குரிய உரிமை என ஒருவன் துணிவானாயின், அவன் புராணத்தையும் அறியாதவன், சித்தாந்தத்தையும் அறியாதவன். திருக்கடவூர் உய்யவந்த தேவநாயனார் அருளிய திருக்களிற்றுப்படியார், சிவபுண்ணியத்தை மெல்வினை எனவும் வல்வினை எனவும் இரண்டாகப் பகுத்து, இத்தகைய அரிய செயல்களை வல்வினையின்பாற் படுத்தியது. யாவரானும் செய்யத்தக்கன மெல்வினை. தம்செயலற்றுச் சிவன்செயலே தம்செயலாக நின்றார்மாட்டு நிகழ்ந்தன வல்வினை. அவை வணங்கத்தக்கன, பின்பற்றத்தக்கன அல்ல. ‘யான்’ என்னும் முனைப்பு எள்ளளவும் உள்ளவன் வாளெடுப்பின் அது கொலையும் கொடுமையுமேயாம், பத்தியாகாது.

பிறிதொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. தம்முறுப்பைத் தாமே அளிக்கப் புகுந்த அடியார் வரலாறுகளின் முடிவு யாது? சந்தனம் கிடையாமையால் தம் முழங்கையையே கல்லிற் றேய்த்த மூர்த்தி நாயனாரின் கையை இறைவன் முன்போல ஆக்கியருளினான். தம் கழுத்தை அரியப் புகுந்த அரிவாட்டாய நாயனாரின் கையை நிலத்தின் கமரினின்று எழுந்த திருக்கை பற்றியது. இரண்டாங் கண்ணையும் அகழப் புகுந்த கண்ணப்பரின் கையைக் காளத்தியப்பர் தம் திருக்கரத்தாற் பிடித்துத் தடுத்தார். அன்பனுடைய கை அறுக்கச் செல்கின்றது. ஆண்டவனுடைய கை தடுக்க வருகின்றது. அறுவையிற் றொடங்கிக் காவலில் முடிதலே இவ்வரலாறுகளின் உயிர்நிலை. மருத்துவத்தின் வரலாறும் இவ்வாறே செல்லுதலை மேலே காண்க.

இருக்குவேதத்தின் முதன் மண்டலத்தில், போரிற் காலிழந்த விசுபலை என்பாளுக்கு அச்சுவினி தேவர் இருப்புக்கால் அமைத்துக் கொடுத்த செய்தி காணப்படுகின்றது. செயற்கைக் காலைப்பற்றி உலக இலக்கியங்களில் உள்ள மிகப் பழைய குறிப்புக்களுள் இஃது ஒன்று. அறுவை மருத்துவத்தை நூன்முறையால் வகுத்தவர் சுசுருதர். வெட்டுதல், பிளத்தல், சுரண்டுதல், குத்துதல், தேடுதல், வாங்குதல், வடித்தல், தைத்தல் எனச் சத்திரத் தொழிலை எட்டாக வகுத்து, யந்திரங்கள் 101, சத்திரங்கள் 20 எனக் கருவிகளையும் அவர் தொகை செய்தார். மாணாக்கன் முதலிற் பூசணி, சுரை முதலிய காய்களிற் கத்தி பழகிய பின்னரே மனித உடலைத் தீண்டுதல் வேண்டும் என்பது அவர் விதி. மருமத்தானங்கள் 107 என வகுத்த இடத்தில், கை காலின் உள்ளே உள்ள சில மருமங்கள் ஊறுபடிற் குருதி மிக்கொழுகி உயிர் நீங்குமாதலின், மணிக்கட்டிலோ கணுக்காலிலோ உடனே துணித்தல் வேண்டும் என்றார். கிளை வெட்டுண்ட மரம் பட்டுப்போகாமை அவர் காட்டும் உவமை. குருதிக்குழல் சுருங்கி ஒழுக்கு அடங்கும் என்னும் காரணத்தையும் உடன் கூறினமையால், அது வெறுந் துணிவன்று, ஆராய்ச்சியின் விளைவென்க.

அறுப்புண்டதை மீட்டலினும் சுசுருதர் முன்னின்றார். மூக்கறுபட்டார்க்குக் கன்னத்துத் தோலெடுத்து மூக்கமைக்கும் முறை அவர் நூலில் உள்ளது. தண்டமாக மூக்கறுக்கும் வழக்கம் நாட்டில் இருந்தமையே இக்கலை வளர்தற்கு ஒரு காரணமாயிற்று. அரசன் அறுத்தான், மருத்துவன் மீட்டான். இக்கலை நூலறிந்தார் கையினின்று நழுவி, ஏட்டறிவில்லாத தொழிலாளர் குடிகளிற் பல நூற்றாண்டு மறைந்து வாழ்ந்தது. மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு வண்டிமாடு ஓட்டிய கோவாசுசி என்பான் 1792-ஆம் ஆண்டிற் றிப்பு சுல்தானுடைய படையினராற் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பெற்றான். ஏறத்தாழ ஓராண்டின் பின், பூனா நகருக்கு அணித்தே செங்கல் தொழிற்குடியிற் பிறந்த ஒருவர் அவனுக்கு மூக்கமைத்தார். மெழுகால் மூக்கொன்று செய்து, அதனைத் தட்டி விரித்து நெற்றியில் வைத்து வரைந்து, அவ்வளவிற்குத் தோலைக் கீறி, புருவநடுவில் மாத்திரம் ஒட்டு விட்டுத் திருப்பிக் கீழே பொருத்தி, காசுக்கட்டிக் குழம்பு தோய்ந்த துணியால் ஒட்டிவைத்தார். ஆங்கில மருத்துவர் இருவர் உடனின்று கண்டனர். 1794-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இச்செய்தி இலண்டன் மாநகரத்துத் திங்களிதழ் ஒன்றில் வெளியாயிற்று. அதனைக் கண்ட கார்ப்பு என்னும் மருத்துவர் 1814-ஆம் ஆண்டில் அம்முறையை ஆங்குச் செய்து முடித்து, 1816-இல் நூலாக வெளியிட்டார். மேனாட்டு உறுப்பமைப்புக் கலை இதனாற் புத்துயிர் பெற்றது. கோவாசுசியின் மூக்கு மீண்டது, கை மீளவில்லை. அறுப்பது ஒரு கணம், மீட்பது யுகம்.

மேனாட்டில் உறுப்பறுவை பெரும்பாலும் போர்க்களத்தில் வளர்ந்தது. வெடிமருந்து வந்த பின் குண்டுபட்ட காலும் கையும் அழுகி உயிர்கொண்டன. அறுத்த வாயிற் காய்ச்சிய இரும்பு வைத்துக் குருதியை நிறுத்தல் அக்கால முறை. பிரான்சு நாட்டு அம்புருவாசு பாரே என்பார் (1510–1590) நாவிதர் குழுவைச் சார்ந்த சத்திர மருத்துவர். இலத்தீன் கல்லாதவரென்று கற்றாரால் இகழப்பட்டவர். இளமையில் தூரின் நகரப் போரிற் குண்டுப்புண்ணில் வார்க்கும் கொதியெண்ணெய் தீர்ந்துபோக, முட்டைக் கரு, பன்னீர்ப்பூத் தைலம், கர்ப்பூரத் தைலம் இவற்றைக் கூட்டியிட்டார். எண்ணெய் வார்க்கப்படாதவர் நஞ்சேறி இறப்பரோ என்று அஞ்சி இரவெல்லாம் உறங்காது விடியலிற் சென்று பார்க்க, அவர்களே நோவு தணிந்து கிடந்தனர். கொதியெண்ணெய் பெற்றவர் சுரத்தால் துடித்துக் கொண்டிருந்தனர். அன்றுமுதற் கொதியெண்ணெயை ஒழித்தார். 1552-ஆம் ஆண்டில் அறுவையின்போது சூட்டுக்கோலையும் விடுத்து, குருதிக்குழல்களை நூலாற் கட்டும் முறையைக் கையாண்டார். இரும்பாற் செயற்கைக் கைகளும் அமைத்தார். தாம் கட்டியது புண்ணை, ஆற்றியவன் கடவுள் என்பது அவர் கொள்கை. சமயம் வேறாயினும், ‘நான் செய்தேன்’ என்னும் முனைப்பு அடங்கிய இந்நிலை சைவர்க்கும் உவப்பானதே.

எனினும் வலி நீங்கவில்லை, நஞ்சும் நீங்கவில்லை. 1812-ஆம் ஆண்டு பொரோதினோப் போரில் நெப்போலியன் படைமருத்துவர் இலாரே ஒரு பகலும் ஓரிரவும் கொண்ட காலத்துள் 200 உறுப்பறுவைகள் செய்தார் என்பர். மயக்கமருந்தில்லாத அந்நாளில் விரைவே கருணையாயிருந்தது. 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் பாசுடன் நகரில் மார்ட்டன் என்பார் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கி வலியின்றி அறுவை நிகழச் செய்தார். அவ்வாண்டு திசம்பர் 21-ஆம் நாள் இலண்டனில் இலிசுடன் ஈதர் கொடுத்து ஒருவனுடைய காலை எடுத்தார். எடுத்து முடிந்தபின் கண்விழித்த அவன், எப்போது தொடங்கப் போகின்றீர்கள் என்று வினவினான் என்ப.

வலி ஒழிந்தும் சாவு ஒழியவில்லை. அறுவை பிழையாது முடிந்தும் புண் அழுகி மாண்டனர் பலர். கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிரே அழுகற்குக் காரணம் எனப் பாசுச்சர் நிறுவிய உண்மையைத் துணையாகக் கொண்டு, கிளாசுகோ நகரத்து இலிசுடர் கார்பாலிக் அமிலத்தாற் புண்ணைக் காக்கத் தொடங்கினார். 1865-ஆம் ஆண்டு ஆகசுட்டு 12-ஆம் நாள் வண்டிச்சக்கரம் ஏறிக் கால் முறிந்த பதினோரகவைச் சிறுவன் ஒருவனை அவரிடம் கொணர்ந்தனர். எலும்பு தோலைத் துளைத்து வெளிவரின் அக்காலை எடுத்துவிடுதலே அந்நாளைய வழக்கம். இலிசுடர் எடுத்திலர், அமிலந் தோய்ந்த துணியாற் போர்த்துக் காத்தார். ஆறு கிழமையில் எலும்பு கூடியது. சிறுவன் தன் காலால் நடந்து வீடு சென்றான். முறைமாற்றத்திற்கு முன் அவர் செய்த 35 உறுப்பறுவைகளில் 16 பேர் இறந்தனர். பின் செய்த 40-இல் 6 பேரே இறந்தனர். இத்தொகையினும் பெரியது அச்சிறுவனுடைய கால். அறுக்க எடுத்த கத்தியைக் கீழே வைத்தலே அறுவைக் கலையின் முதிர்ச்சி என்பதனை அஃது உலகிற்கு உணர்த்தியது.

இவ்வுண்மை பின்னும் விளங்கியது தமிழ்நாட்டு வேலூரில். அங்குக் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதற் பணியாற்றிய பால் பிராண்டு என்னும் சத்திர மருத்துவர் பெருநோயாளரின் கைகால்களை ஆராய்ந்தார். அந்நோயால் தசை தானே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்பது அதுவரை நிலவிய எண்ணம். நரம்பு பழுதுற்று வலியுணர்வு அற்றுப்போதலால், சுடுகலத்தைப் பற்றினும் முள் தைப்பினும் அறியாது, புண்மேற் புண்பட்டு விரலிழக்கின்றனர் என்பதனை அவர் கண்டார். நரம்புநாண்களை மாற்றிப் பொருத்தி மடங்கிய விரல்களை நிமிர்த்தார். காலுக்கேற்ற மெத்தென்ற காலணிகள் செய்வித்தார். அறுக்க வேண்டியனவாகக் கருதப்பட்ட கைகால்கள் காக்கப்பட்டன. நீரிழிவால் உணர்விழந்த பாதத்தையும் நாடோறும் பார்த்துக் காத்தல் வேண்டும் என்று இற்றை மருத்துவர் வற்புறுத்துதற்கும் இதுவே காரணம்.

இதனாற் பெறப்படுவது யாது? வலி பகையன்று, காவலாளன் என்பதாம். சித்தாந்தநூலார் இறைவன் கருணையை அறக்கருணை, மறக்கருணை என இரண்டாக வைத்தனர். இன்பந் தந்து ஆட்கொள்ளல் அறக்கருணை. துன்பந் தந்து திருத்தல் மறக்கருணை. முள் தைத்த கால் நோவது தண்டமன்று. அக்காலைக் காத்தற்கு விடுத்த தூது. அத்தூது வாராதொழிந்தவர் கைகால்களின் நிலையை வேலூரிற் கண்டவர்க்கு மறக்கருணையும் கருணையேயென்பது சொல்லளவில் நில்லாது கண்கூடாகும்.

அற்றேல், உறுப்பிழத்தல் பிராரத்தவினையின் பயனாகலின் அதனைத் தடுக்க முயல்வது வினைக்கு மாறுபடுதலன்றோ எனின், அன்று. நோய் வினையால் வருமாயின், அதனைத் தீர்க்கும் மருந்தும் மருத்துவனும் வந்து கூடுதலும் வினைவழியும் அருள்வழியுமே வருவன. வீழ்ந்தவனை எடாது நின்று அவன் வினையை எண்ணிப் பார்ப்பவன், தனக்குப் புதுவினை ஒன்றைத் தேடிக்கொள்கின்றான் என்க.

எடுத்தேயாக வேண்டிய கால் எடுக்கப்பட்ட பின், அவர் நடப்பது எங்ஙனம்? மேனாட்டுச் செயற்கைப் பாதம் காலணிக்குள் மறைவதற்கென்று அமைந்தது. வெறுங்காலால் ஆலயம் புகுவார்க்கும், சம்மணமிட்டிருப்பார்க்கும், சேற்றில் உழுவார்க்கும் அது பயன்படவில்லை. 1968-ஆம் ஆண்டில் செய்ப்பூர் நகரத்துக் கைவினைஞர் இராமசந்திர சர்மா, மருத்துவர் பி. கே. சேத்தி முதலியோருடன் கூடி, ரப்பராலும் மரத்தாலும் மனிதப் பாதம் போன்றே வளையும் பாதம் ஒன்றை ஆக்கினார். மிகுந்த கல்வியில்லாத கைவினைஞரும் கற்ற மருத்துவரும் ஒருங்கிருந்து செய்தமையால் அது நாட்டுக்கேற்றதாயிற்று. 1975-இல் அந்நகரில் நிறுவப்பெற்ற மகாவீரர் பெயர்கொண்ட தொண்டுக்கழகம் அதனை ஏழைகட்கு விலையின்றி வழங்கி வருகின்றது. சைவமுந் தமிழுந் தழைத்த யாழ்ப்பாணத்திலும், போரிற் காலிழந்தோர் பொருட்டு 1987-இல் செய்ப்பூர்க்கால் நிலையம் ஒன்று தோன்றியது. கண்ணிவெடியாற் காலிழந்தவர் ஒருவர் மீண்டும் வெறுங்காலுடன் கோயில் வீதியை வலம் வருதலினும் இனிய காட்சி யாதுளது?

அறுந்த உறுப்பையே மீளப் பொருத்துங் காலமும் வந்தது. 1962-ஆம் ஆண்டு பாசுடன் நகரில் அறுபட்ட ஒரு சிறுவனுடைய கை மீளப் பொருத்தப்பட்டது. 1998-இல் பிரான்சு நாட்டு இலியோன் நகரில் இறந்தார் ஒருவருடைய கை வாழ்வார் ஒருவர்க்குப் பொருத்தப்பட்டது. 2015-இல் நம் நாட்டிற் கொச்சி நகரத்து மருத்துவமனையில் இரு கைகளும் அங்ஙனம் பொருத்தப்பட்டன. தம்முறுப்பைப் பிறர்க்கீதல் இன்று வாளின்றியே, இறந்த பின்னரும் கூடுவதாயிற்று.

இனி ஒரு நுண்பொருள். கையிழந்தார் பலர், இல்லாத அக்கை இருப்பது போலவும் அதில் நோவுண்டாவது போலவும் உணர்வர். பாரே இதனைக் குறித்தார். அமெரிக்க மருத்துவர் வியர் மிச்செல் 1871-இல் இதற்குப் பேய்உறுப்பு என்னும் கருத்துடைய பெயரிட்டார். சென்னை இசுடான்லி மருத்துவக் கல்லூரியிற் கற்ற வி. எசு. இராமச்சந்திரன் என்னும் அறிஞர், 1990-களில், கண்ணாடி ஒன்றை நடுவே நிறுத்தி, உள்ள கையின் நிழலை இழந்த கையின் இடத்திற் காட்டி, சிலர்க்கு அந்நோவு தணிதலைக் கண்டார். மூளையில் உடலின் வரைபடம் நிலைத்திருத்தலே இதற்குக் காரணம் என்பர்.

இதனைக் கொண்டே உயிருண்மை நாட்டப்பட்டதென விரைந்து கூறல் பொருந்தாது. மூளையும் மாயாகாரியமாகிய கருவியேயன்றி உயிரன்று. ஆயின் மெய்கண்டார் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில், என் உடல் என்று பிரித்துக் கூறுதலின் உடலின் வேறாய உயிர் உண்டென நாட்டியது ஈண்டுச் சிந்திக்கற்பாலது. கையிழந்தான் ‘என் கை போயிற்று’ என்கின்றான். ‘யான் குறைந்தேன்’ என்று அவன் அறிவு கூறுவதில்லை. கை குறைந்தது, என் எனப்பட்டவன் குறைந்திலன்.

ஆசாரியராதற்கு அங்கக் குறைவின்மை வேண்டும் என்னும் ஆகமவிதியைக் காட்டி, உறுப்பிழந்தாரை இழித்துக் கூறுவார் சிலர். அவ்விதி கிரியைக்குரிய அதிகாரம் பற்றியது. அருட்குரிய தகுதி பற்றியதன்று. திருவாரூர்த் தண்டியடிகள் கண்ணில்லாதவராயிருந்தே தறி நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவி நடந்து, குளத்து மண்ணைச் சுமந்தார். கண் பெற்ற பின்னரன்று அவர் தொண்டராயினது. தொண்டராயிருந்தமையாற் கண் பெற்றார்.

ஆகவே, தண்டமாய் அறுத்த கை பொன்னுக்கு மீட்கப்பட்டது. பத்தியால் அறுக்கச் சென்ற கை திருக்கரத்தாற் பற்றப்பட்டது. மருத்துவத்தால் அறுத்த கை காத்தலையே பெருங்கலையாகக் கற்றது. மூன்றும் சென்று சேரும் இடம் ஒன்றே. உறுப்புடையார் அதனைத் தொண்டிற் செலுத்துக. உறுப்பிழந்தார்க்கு ஊன்றுகோலும் செயற்கைக்காலும் ஆகுமாறு உறுப்புடையார் தம் கையை நீட்டுக. அங்ஙனம் நீளுங் கை எவ்வாளானும் அறுபடாது.